ஆதிமனிதன் கையில் என்ன வைப்பது?

ஆதிமனிதனின் கையிலிருந்து முதலில் தொடைக்கறியைத்தான் பிடுங்கினார்கள்.

"என் பணத்துல கட்டின ஹால்ல ஒருத்தன் எலும்பைக் கடிச்சுக்கிட்டு நிக்கறதா? நம்ம முன்னோருங்க தானியம் சாப்பிட்டவங்கய்யா!" என்று குதித்தார் நன்கொடையாளர். அவருக்குச் சொந்தமாக ஒரு பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது.

அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்துக்கு 'முன்னோர் உண்டதும் நாம் உண்ண வேண்டியதும்' என்று பெயர். திறப்பு விழா நெருங்கிவிட்டது. குகை, நெருப்பு, சுற்றிலும் குடும்பம் எல்லாம் தயார். நடுவில் நின்றவன்தான் சிக்கல். வாயைத் திறந்து, கையை வாய்க்கு நேரே தூக்கியபடி நின்றான். உள்ளே இரும்புக் கம்பி. இனி அந்தக் கையை மடக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

அவனைச் செய்தவரை எல்லோரும் பொம்மைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிறந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அப்பா இன்னும் தற்காலிகம்தான். கேன்டீனில் மதியச் சாப்பாடு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். இவருக்குத் தேநீர் உண்டு, அதுவும் மிஞ்சினால்.

பொம்மைக்கு மாதிரியாக நிற்க ஆள் வைத்துக்கொள்ளவும் அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவிதான் வழி சொன்னாள்.

"விலா எலும்பைப் பாத்துச் செய்ய ஆள் எதுக்குத் தேடறீங்க? சட்டையைக் கழட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி நில்லுங்க."

அப்படியே செய்தார். முகமும் அவர் முகமாகவே வந்துவிட்டது.

"விழா ஒரு முணுமுணுப்பு இல்லாம முடியட்டும்," என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். "உங்களை நிரந்தரமாக்கிடறேன். இன்னும் நாலு ஹால் வரப்போகுது, உங்களை விட்டா யாரு இருக்கா?"

டைப்பிஸ்ட் அக்கா ஆர்டரை அடித்தே வைத்துவிட்டார். "கையெழுத்துதான் பாக்கி தம்பி. கோட்டை விட்டுடாதீங்க."

பொம்மைக்காரர் தொடைக்கறியைக் கழற்றிவிட்டு ஒரு தானியக் கதிரைச் செருகினார். மறுநாள் ஆலோசனைக் குழுவின் டாக்டர் வந்தார். ஊருக்கெல்லாம் எதைத் தின்னக்கூடாது என்று சொல்லியே பெரிய ஆளானவர். கூடவே பிஸ்கட்காரரும் வந்திருந்தார்.

"தானியமா! விவசாயம் நேத்து வந்ததுய்யா. மனுஷன் உடம்பு கெட்டதே அன்னைக்குத்தான். எடு அதை!"

"அப்ப மறுபடியும் கறியே வச்சிடட்டுமா டாக்டர்?"

டாக்டர் பிஸ்கட்காரரைப் பார்த்தார். பிஸ்கட்காரர் டாக்டரை முறைத்தார்.

"பழம் வை," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

மெழுகில் சிவக்கச் சிவக்க ஒரு பழம் தயாரானது. சிறப்பு விருந்தினரின் உதவியாளர் வந்து அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"பெரியவருக்குச் சர்க்கரை இருக்குங்க. வேணும்னே அவரைக் குத்திக்காட்டற மாதிரி இருக்கே?"

பழம் போய்க் கிழங்கு வந்தது. மண்ணிறத்தில், உருண்டையாக, அச்சு அசலாக இருந்தது. சாயங்காலம் வாசலைப் பார்வையிட வந்த பாதுகாப்பு அதிகாரி தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்னய்யா, கல்லைத் தூக்கிட்டு நிக்கறான்? அதுவும் ரிப்பன் வெட்டற இடத்துக்கு நேரா!"

"சார், அது கிழங்கு."

"போட்டோவுல கல்லாத்தான்யா தெரியும்!"

இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமே வைக்காதீங்க. எதை வச்சாலும் வம்பு."

விழா நாளில் ஆதிமனிதன் வாயைப் பிளந்து, வெறுங்கையை ஏந்திக்கொண்டு நின்றான். அங்கே நிற்பது தன் முகம் என்று நினைக்கவே பொம்மைக்காரருக்குக் கூசியது.

ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்த பெரியவர் நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"இவன் என்ன சாப்பிடறான்?"

இயக்குநர் பொம்மைக்காரரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று பொம்மைக்காரர் நினைத்த நேரத்தில் டாக்டர் முன்னே வந்தார்.

"பட்டினிங்கய்யா! அதான் முன்னோர் உணவு. கிடைச்சாத் தின்னான், கிடைக்காட்டிச் சும்மா இருந்தான். உடம்பைப் பாருங்க, ஒரு பிடி சதை கூடுதலா இருக்கா? சர்க்கரையோ கொழுப்போ இவன் கிட்ட வருமா?"

பெரியவர் ஆதிமனிதனின் விலா எலும்புகளைத் தடவிப் பெருமூச்சு விட்டார். பிறகு ஓரமாக நின்ற பொம்மைக்காரர் அவர் கண்ணில் பட்டார்.

"அட, இவரைப் பாத்துத்தான் செஞ்சதா? குடுத்து வச்ச உடம்புய்யா! நமக்கு இப்படி வாய்க்கலையே."

எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். பிஸ்கட்காரர் அந்த இடத்திலேயே, மக்கள் நலன் கருதி இனித் தன் பாக்கெட்டுகளில் பிஸ்கட் குறைவாகவே இருக்கும் என்று அறிவித்தார். விலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதன்பின் எல்லோரும் மாடிக்கு விருந்து சாப்பிடப் போனார்கள்.

பொம்மைக்காரரை மாடிக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லையே! மனைவியிடம் சொல்லலாம். நாளைக்கு மதியம் கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து, தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடலாம். நினைத்த மாத்திரத்தில் கண் கலங்கிவிட்டது, பாவம் மனிதருக்கு.

டைப்பிஸ்ட் அக்கா படியிறங்கி வந்தார். ஆர்டர் அவர் கையில்தான் இருந்தது.

"கையெழுத்தாயிடுச்சாக்கா?"

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இயக்குநர் பேனாவைத் திறந்துட்டாரு தம்பி. அந்த டாக்டர்தான், 'இவனை நிரந்தரமாக்கினா ரெண்டே மாசத்துல கேன்டீன்ல தின்னு தொப்பை போட்டுடுவான், மிச்ச நாலு ஹாலுக்கு ஆதிமனுஷனுக்கு எங்க போவீங்க'ன்னு கையைப் பிடிச்சுட்டாரு."