கேப்டன் வஜ்ரவேலின் இரண்டாயிரம் பூரி

“அந்த மலைய எத்தினி பேரு சேந்து புடிச்சாங்கன்னு எழுதியிருக்க?”

“கேப்டன் வஜ்ரவேல் ஒருத்தர்தான் அங்கிள்.”

“எதிரிங்க?”

“நாப்பது பேரு.”

“மலைக்குப் பேரு?”

“ஃபிஃப்டி சிக்ஸ் ஏ.பி.ஓ.” சகாய பிரவீன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். நாவலிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

சுபேதார் பாக்கியராஜ் இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு விழுப்புரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பிரவீனைப் பார்த்தார்.

“தம்பி, அது மலை இல்ல. போஸ்ட் ஆபீசு.”

“அங்கிள்?”

“மிலிட்டிரிக்காரன் காஷ்மீர்ல இருந்தாலும் சரி, அசாம்ல இருந்தாலும் சரி, எல்லாருக்கும் அட்ரசு அதான். லெட்டருங்க மொத்தமா அங்க போயி, அங்கேர்ந்து பிரிச்சி அனுப்புவாங்க. உன் ஆளு நாப்பது பேர சுட்டுப்புட்டு தபால் ஆபீசுல கொடி ஏத்திக்கினு நிக்கிறான்.”

சமையலறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றும் சத்தம் கேட்டது. அது அவர் மகள் எலிசாவாக இருக்கக் கூடாது என்று பிரவீன் மாதாவை வேண்டிக்கொண்டான். எலிசாதான்.

தப்பு அவன் மேல் மட்டும் இல்லை. பெருமுக்கல்லில் அவன் தெருவிலிருந்து மட்டும் ஐந்து பேர் ராணுவத்தில் இருந்தார்கள். அந்த ஐந்து வீட்டுக் கடிதங்களையும் சின்ன வயதில் பெட்டியில் போட்டவன் அவன்தான். எல்லா முகவரியும் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்றுதான் முடியும். ஒரே தெருவிலிருந்து ஐந்து பேரைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், அது நாட்டிலேயே முக்கியமான மலையாகத்தானே இருக்க வேண்டும்? பத்து வயதில் முடிவு பண்ணியது. இருபத்தைந்து வயது வரைக்கும் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

கார்கில் சண்டை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டிவியில் சண்டையைப் பார்த்துப் பார்த்துச் சூடேறிப்போய், திண்டிவனத்தில் அவன் வேலை பார்க்கும் டி.டி.பி. சென்டரில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே தொண்ணூற்றாறு பக்கம் நாவல் அடித்து முடித்திருந்தான். ஒருமுறை நாவலும் பத்திரிகையும் கலந்து, ‘தங்கள் நல்வரவை எதிர்நோக்கும் எதிரிப்படையினர்’ என்று புரூஃப் போய்விட்டது.

அந்த நாவலைத்தான் எலிசா நம்பினாள். கல்லூரியிலிருந்து பழக்கம். ‘பையன் மிலிட்டிரி நாவல் எழுதுறான்பா’ என்று அப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். ‘கொண்டாரச் சொல்லு. எழுத்தப் பாத்தா ஆளு எப்பிடின்னு தெரிஞ்சிடும்’ என்றார் சுபேதார். ஆக, கல்யாணம் நடப்பதும் நடக்காததும் கேப்டன் வஜ்ரவேல் கையில் இருந்தது. கேப்டனோ தபால் ஆபீசில் இருந்தான்.

“திருத்திக்கினு வா. வர ஞாயித்துக்கிழம பாக்கலாம்” என்றார் சுபேதார்.

எலிசாவின் அம்மா ஞானமேரி காப்பி கொண்டுவந்து வைத்தார். “சாப்புடு தம்பி” என்றார். தொண்டை கட்டியிருந்தது.

* * *

அடுத்த வாரம் வஜ்ரவேலுக்குப் புதிய மலை கிடைத்தது. வம்பே வேண்டாம் என்று பிரவீன் அதற்குப் பெயரே வைக்கவில்லை.

நாவல் கட்டு மடியில் இருக்க, அதைப் பிரிக்காமலே சுபேதார் பக்கம் பக்கமாக ஒப்பித்தார். ராணுவ ஞாபகசக்தி என்றால் இதுதான் என்று பிரவீன் வியந்தான். வியப்பு அரை நிமிடம்தான் நீடித்தது.

“மலை எவ்ளோ ஒயரம்?”

“இருவத்திரெண்டாயிரம் அடி அங்கிள்.”

“அதுல ஓடி ஏறுறான்.”

“ஆமா அங்கிள். கோவத்துல.”

“கோவத்துல ஏறுனா மூச்சு எங்கேர்ந்து வரும்? அங்க ஷூ லேசு கட்டுறதுக்கே உக்காந்து உக்காந்து மூச்சு வாங்கணும். சரி, ரெண்டு கையிலயும் ரெண்டு மிஷின் கன்னு வச்சிருக்கான். கயித்த எதால புடிச்சான், பல்லாலயா?”

பதினோராம் அத்தியாயத்தில் வஜ்ரவேல் பல்லால்தான் பிடித்திருந்தான்.

“நெத்தியில முடி வந்து உழுதுன்னு நாலு எடத்துல வருது. எந்த பார்பரு உட்டான் அவ்ளோ முடிய? அப்புறம், குண்ட நான் எண்ணிக்கினே வந்தேன். எரநூத்திப் பதினாலு. ஒருவாட்டி கூட அவன் துப்பாக்கியில மேகசீன் மாத்தல.”

“மாத்தச் சொல்றேன் அங்கிள்.”

“நீதானப்பா எழுதுற. யாருகிட்ட சொல்லப் போற?”

மூன்றாவது ஞாயிறுக்குள் பிரவீன் எல்லாவற்றையும் மாற்றினான். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே மாற்றிவிட்டான். முதல் அத்தியாயத்தில் வஜ்ரவேல் முடிவெட்டிக்கொண்டான். இரண்டாவதில் பூட்ஸுக்கு பாலிஷ் போட்டான். மூன்றாவதில் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். அதன்பிறகு மலையேற அனுமதி கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினான். ஒவ்வொரு அதிகாரியும் அதைப் படித்தார். எதிரிகள் மலை மேல் காத்திருந்தார்கள்.

“ஏம்பா, இது யுத்தமா, தாலுக்கா ஆபீசா?” என்றார் சுபேதார். “அறுவது பக்கம் ஆயிடுச்சி, இன்னும் அனுமதி கையெழுத்தாகல.”

“நெசமா எழுதணும்னு…”

“உனக்கு நெசம் தெரியாது. தெரியாதது தப்பில்ல. தெரிஞ்ச மாரி எழுதுற பாரு, அதான் எனக்குப் பயமா இருக்குது. தெரியாத வேலைய தெரிஞ்ச மாரி செய்யறவங்கிட்ட பொண்ண எப்பிடி குடுக்கிறது?” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “வர ஞாயித்துக்கிழம சாயங்காலம் புதுச்சேரியிலேர்ந்து ஒரு எடம் பாக்க வராங்க. பையன் பாலிடெக்னிக்ல வாத்தியாரு. நீ காலையில வா. கடைசியா ஒருவாட்டி பாத்துடலாம்.”

எலிசா பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள்.

“உன்ன யாரு சண்ட எழுதச் சொன்னது?”

“உங்கப்பா மிலிட்டிரின்னுதான் எழுதுனேன்.”

“எங்கம்மா கோழி வளக்கறாங்க. கோழியப் பத்தி எழுதியிருக்கலாம்ல? இவ்ளோ பேஜாரு இல்ல.”

“இப்ப மாத்திடட்டுமா?”

“ஐயோ, எதையும் மாத்தாத. நீ மாத்த மாத்ததான் மோசமாவுது.”

* * *

நிஜமான ராணுவ வீரர் ஒருவர் வேண்டும். டி.டி.பி. சென்டருக்கு எதிரே ஒரு பேங்க். அதன் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடும் காதுவரை மீசையோடும் விருத்தாசலம் நின்றுகொண்டிருப்பார். மாஜி ராணுவம். மூன்று வருடமாக எதிரிலேயே நின்றவரைக் கேட்கவேண்டும் என்று இத்தனை நாள் பிரவீனுக்குத் தோன்றவே இல்லை.

“பதினேழு வருசம் சர்வீசு” என்றார் விருத்தாசலம். “பனியும் பாத்தாச்சு, பாலைவனமும் பாத்தாச்சு. கேளு.”

மூன்று நாள், மதிய சாப்பாட்டு நேரத்தில் பிரவீன் நோட்டும் கையுமாக அவர் பக்கத்தில் நின்றான். பனியில் விரல் எப்படி மரத்துப்போகும், கோவேறு கழுதை எந்த இடத்தில் நடக்க மறுக்கும், குண்டுச் சத்தம் கேட்டதும் நாக்கு எப்படி வறண்டுபோகும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். எல்லாமே நிஜம். வாசனையே நிஜமாக இருந்தது. வியாழக்கிழமைதான் முக்கியமான கேள்வியைக் கேட்டான்.

“எதிரி வந்துட்டான்னு தகவல் வந்தா மொதல்ல என்னாண்ணே பண்ணுவீங்க?”

“ஜல்தியா அடுப்ப மூட்டுவோம்.”

பிரவீன் எழுதிக்கொண்டான். “அடுத்து?”

“மாவு பெசைவோம்.”

பேனா நின்றது. “அண்ணே, நீங்க மிலிட்டிரில என்னாவா இருந்தீங்க?”

“குக்கு” என்றார் விருத்தாசலம் பெருமையாக. “ஒரே நாள்ல ரெண்டாயிரம் பூரி போட்டிருக்கேன். அந்தப் பக்கம் சண்ட நடந்துக்கினு இருக்குது, இந்தப் பக்கம் நான் எண்ணெய்ய விட்டு கண்ண எடுக்கல.”

வியாழக்கிழமை. இனி வேறு வீரரைத் தேட நேரமில்லை. மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்து, பிரவீன் கேட்டதை அப்படியே அடித்தான். கேப்டன் வஜ்ரவேல் பதவி இறங்கிச் சமையல்காரன் ஆனான். யுத்தம் மலைக்கு அந்தப் பக்கம் வெறும் சத்தமாக நடந்தது. இந்தப் பக்கம் எண்பது பக்கத்துக்குப் பூரி நடந்தது. ஜூலி என்ற கோவேறு கழுதை அதை மூட்டை மூட்டையாக மேலே சுமந்தது. பூரி போய்ச் சேரும்போது சண்டை முடிந்திருந்தது. பூரியும் ஆறி, தட்டினால் சத்தம் வரும் பதத்தில் இருந்தது. அவ்வளவுதான் நாவல்.

சனிக்கிழமை மதியம் நாவலை வாங்கிப்போக எலிசா வந்தாள். நின்றபடியே முதல் வரியைப் படித்தாள்.

“‘மாவில் உப்புப் போதுமா என்று வஜ்ரவேல் நாக்கில் வைத்துப் பார்த்தான்.’ இதான் ஆரம்பமா?”

“இதான் எலிசா நெசம்.”

“முடிவு?”

“பூரி ஆறிப்போயிடும்.”

அவள் நாவலைப் பைக்குள் வைத்தாள். “புதுச்சேரிக்காரங்களுக்கு டீயா, காப்பியான்னு எங்கம்மா கேட்டுக்கினு இருக்காங்க. நான் காப்பின்னு சொல்லிடறேன்.”

* * *

ஞாயிறு பூசை முடிந்ததும் பிரவீன் பஸ் ஏறினான். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தான். ‘முடியாது’ என்பதையாவது கசங்காமல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

சுபேதார் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. முகம் இரவெல்லாம் தூங்காத முகம். பூரி இவரை இந்த அளவுக்குப் புண்படுத்தும் என்று பிரவீன் எதிர்பார்க்கவில்லை.

“இத யாரு சொன்னா உனக்கு?”

விருத்தாசலத்தைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. “ஒருத்தர் சொன்னாரு அங்கிள். பேரு வேணாமே.”

“அந்தத் தந்தி சமாச்சாரம்?”

“தந்தியா?”

“மலையில பனி சரிஞ்சி ஆளுங்க பொதைஞ்சிட்டாங்கன்னு ரேடியோவுல சொல்லிட்டான். மறாநாளு அவளுக்குத் தந்தி வருது. பிரிச்சா புருசன் செத்தது நெசமாயிடும்னு, பிரிக்காமலே கேப்பை டின்னுக்குள்ள போட்டு மூடிப்புட்டு, புள்ளைய இடுப்புல தூக்கிக்கினு மல்லாட்டைக் கொல்லைக்கு களை வெட்டப் போறா பாரு…” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரவீன் மனதுக்குள் எண்பது பக்கத்தையும் அவசரமாகப் புரட்டினான். மாவு இருந்தது, எண்ணெய் இருந்தது. ரேடியோ இல்லை. களை இல்லை. பொம்பளையே இல்லை. ஜூலிக்கு யாரும் தந்தி அனுப்பவில்லை.

“அது என் தந்தி தம்பி” என்றார் சுபேதார். “‘பொழச்சிட்டேன், லீவுல வரேன்’னு அடிச்சேன். விழுப்புரம் ஜங்ஷன்ல டிரங்குப் பொட்டியோட மூணு மணி நேரம் நிக்கிறேன், கூட்டிக்கினு போவ ஒருத்தரும் வரல. எங்க ஊரு அனந்தபுரத்துக்கு தனியா போய்ச் சேந்தேன். அந்தத் தந்தி ஒட்டு பிரிக்காம கேப்பை டின்னுல கெடக்குது. ஏன்டி பிரிக்கலன்னு கேட்டேன். வாயே தொறக்கல. அந்த லீவு முச்சூடும் அவகிட்ட நான் பேசல. என்ன மதிக்கலன்னு நெனச்சிக்கினு இருவத்திரெண்டு வருசத்த ஓட்டிட்டேன். நேத்து உன் கதையிலதான் தெரியுது ஏன்னு.”

சுபேதார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்கூட்டுக்காரிகிட்ட கேட்டு எழுதுனியா?”

“இல்ல அங்கிள். சத்தியமா இல்ல.”

“பின்ன எப்பிடிப்பா?”

இந்த இடத்தில் பிரவீன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு ஐந்து வினாடி, தன் விரல்கள் தனக்கே தெரியாமல் ஏதோ பெரிய இலக்கியத்தை அடித்திருக்கின்றன என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

“தானா வந்துச்சுங்க அங்கிள்” என்றான் அடக்கமாக.

சுபேதார் எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “அங்கிள் என்னா அங்கிள். மாமான்னு கூப்புடு.” பிறகு போனை எடுத்து, புதுச்சேரிக்காரர்களிடம் வர வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற எலிசா, என்ன செய்தாய் என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் அதே கண்ணால் தெரியாது என்றான்.

சுபேதார் கேக் வாங்கத் தெருமுனைக்குப் போனதும் பிரவீன் சமையலறைக்குள் நழுவினான். ஞானமேரி அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். மேடை மேல் நாவல் கட்டு இருந்தது. அதன் மேல் ஒரு சுண்டல் கிண்ணம்.

“ஆன்ட்டி,” என்றான் ரகசியமாக, “எப்பிடின்னே தெரியல. ஆனா அந்தத் தந்தி, கேப்பை டின்னு, களை வெட்டுறது… அதெல்லாம் நான் எழுதவேயில்ல.”

ஞானமேரி காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சத்தமா பேசாத தம்பி, அவருக்கு கண்ணுல பொர உழுந்து எழுத்தே தெரியாம ஒரு வருசமாவுது, வெளிய தெரிஞ்சா கௌரவம் போயிடும்னு எல்லாத்தையும் நாந்தான் படிச்சிக் காட்டுறேன், நேத்து படிச்சதுல உன் கத ரெண்டு பக்கம், என் கத இருவத்திரெண்டு வருசம்.”