பதினைந்து வெள்ளைச் சட்டைகளும் என் கிணறும்

போஸ்டனில் இருக்கும் அன்பு மைத்துனர் ஃபின்டனுக்கு, லீட்ரிமிலிருந்து மலாக்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மாடுகளும் நலம். மழையும் நலம், ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. உங்கள் வீட்டில் அனைவரின் நலமறிய ஆவல்.

நிற்க. நம் ஊரின் பதினைந்து பேர் கொண்ட ஐரிஷ் கால்பந்து அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. உங்க அப்பா ஆடின காலத்துக்கப்புறம் நம்ம ஊரு அந்தக் கோப்பையைத் தொட்டதில்லைன்னு உங்களுக்கே தெரியும். இறுதி ஆட்டம் வருகிற ஞாயிறு. ஆட்டச் சட்டைகளைத் துவைக்கிற முறை இந்த வாரம் நம் வீட்டுக்கு. உங்கள் தங்கை அட்ராக்டா சித்தியைப் பார்க்க ஸ்லைகோவுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போதே, "வெள்ளைத் துணிய கிணத்துத் தண்ணியில போட்டுடாதீங்க. பீப்பாயில மழைத்தண்ணி இருக்கு"ன்னு சொன்னாள். நான்தான் கேட்கிற ஆளா? நான் முன்னால நின்னு தோண்ட வெச்ச கிணறாச்சே, மச்சான்! குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரிதான் வருது, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பழுப்பாகுது. மெஷின்ல போட்டேன். பளிச்சுன்னு இருக்கட்டும்னு அரை பாட்டில் பிளீச்சும் ஊத்தினேன். அதுதான் வினை. தண்ணியில ஒளிஞ்சிருந்த இரும்பெல்லாம் பிளீச்சைக் கண்டதும் துருவா மாறிச் சட்டையில ஒட்டிக்கிச்சு. கதவைத் திறந்தா பதினஞ்சு சட்டையும் கொதிக்க வெச்ச தேயிலைத் தண்ணி நிறம்!

பயிற்சியாளர் டெர்மட் வந்து பார்த்துட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டார். "மலாக்கி, கோப்பையத் தோத்தாக்கூட ஊரு மன்னிக்கும்யா. இத மன்னிக்காது."

அட்ராக்டா திரும்பி வந்தாள். திட்டுவாள்னு பார்த்தா, ஒரு சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, "ஏங்க, இந்த நிறத்துக்கு ஏதாவது பேர் வெச்சிருக்கீங்களா?"ன்னு மட்டும் கேட்டாள். அப்புறம் கத்தியோட தோட்டத்துக்குப் போய் புளிப்பு ரூபார்ப் செடியை இலையும் தண்டுமா மொத்தமும் அறுத்துட்டு வந்து, பெரிய அண்டாவில் கொதிக்க வெச்சாள். "இந்தப் புளிப்புதான் துருவுக்கு எமன். இலை விஷம், ருசி பார்க்கிறேன்னு நக்கித் தொலைக்காதீங்க." ஊற வெச்சு மழைத்தண்ணியில அலசினா, அடடா, எல்லாம் பால் வெள்ளை! அதோட விட்டாளா? கடைக்காரனை போனிலேயே உண்டு இல்லைன்னு ஆக்கி, கிணத்துக்கு இரும்பைப் பிரிக்கிற வடிகட்டியும் மாட்ட வெச்சுட்டா. நம்ம வீட்டுப் பாத்திரத் தொட்டி வெள்ளைன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. உங்க தங்கை மாதிரி ஒரு பொம்பளை இந்தத் தீவிலேயே கிடையாது, மச்சான். எனக்கு அவளை நினைச்சா அவ்வளவு பெருமையா இருக்கு. இனி இந்த வீட்டில் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை.

புனித பிரிஜித் உங்கள் வீட்டு அடுப்பையும் உங்கள் முதுகுவலியையும் கவனித்துக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
மலாக்கி

பி.கு.: தபாலில் போடுமுன் ஞாயிறு வந்து போய்விட்டது. ஆட்டம் சமன். அடுத்த ஞாயிறு மறுபடி ஆடணும். நம்ம பக்கம் விழுந்த அத்தனை புள்ளியும் கஹால் பையன் போட்டது. எல்லாம் வெள்ளைன்னு மேலே எழுதினேனே, அவன் சட்டை மட்டும் வெளுக்கல. வெட்கப்பட்டுக்கிட்டே துருச்சட்டையிலதான் ஆடினான். இப்போ அந்தத் துருதான் ராசின்னு மீதிப் பதினாலு பேரும் வெள்ளையைத் தொடமாட்டோம்னு சட்டையும் கையுமா வாசல்ல நிக்கிறாங்க. அட்ராக்டா வடிகட்டியைக் கழற்றிட்டா. பிளீச் பாட்டிலை என் கையில் கொடுத்து, "நீங்களே ஊத்துங்க. இது உங்களுக்கு வர்ற மாதிரி எனக்கு வராது" என்கிறாள்.