பாதி வேண்டாம்

சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று அரை டாக்டர் முடிவு கட்டினார். வீரமான முடிவு. கல்யாணமான நாளிலிருந்து வாயைத் திறந்து அவர் எதையும் ஜெயித்ததில்லை என்பதால், புத்திசாலித்தனமான முடிவும்கூட.

அவர் முழு டாக்டரும் இல்லை, அரை டாக்டரும் இல்லை. மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடுகிறவர். பில் போடுகிற கையோடு பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டையும் படித்துவிடுவார். படித்ததைத் தெருவுக்கே ஒப்பிப்பார். தலைவலி என்று அவரிடம் போனவர்கள் காதுவலியோடு திரும்பிவந்து வைத்த பெயர் அது. கிண்டல் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வினை மச்சினன் உருவத்தில் வந்திருந்தது. மனைவி அம்மணியின் தம்பி, ட்ரம்பெட் ஊதுகிறவன். இந்த ஊர் இசைக்குழுவில் வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம் வேண்டும். அம்மணியின் கண் பின்னறை மேல் விழுந்தது. அந்த அறைக்கு அரை டாக்டர் வைத்திருந்த பெயர் ‘ஆராய்ச்சி அறை’. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு மின்விசிறி. ஆராய்ச்சி மும்முரமாக நடக்கும்போது குறட்டைச் சத்தம் கூடம் வரை கேட்கும். இந்த உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். அங்கே ட்ரம்பெட்டா?

‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். நீங்கள் அம்மணியைப் பார்த்ததில்லை. அவருக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. வக்கீல்களின் குறுக்கு விசாரணையைப் பகலெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழகிப் பார்ப்பார். பழகிப் பார்க்க வீட்டில் இருப்பது ஒரே ஒரு சாட்சிதான்.

நல்லவேளை, மச்சினன் ரோஷக்காரன். “மாமா தன் வாயால வான்னு கூப்பிட்டாத்தான் வருவேன். சனிக்கிழமைக்குள்ள கூப்பிடலைன்னா குழு விடுதியிலயே தங்கிக்கிறேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். வாயால்தானே கூப்பிட வேண்டும்? வாயே படுத்துவிட்டால்? காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். வயிற்றுவலி என்றால் சோறு போய்விடும். பல்வலிதான் உத்தமம். அதை யாரும் அளந்து பார்க்க முடியாது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“ஸ்ஸ்... ஆ...”

“என்னங்க ஆச்சு?”

“பல்லு. பேசவே முடியல. சனிக்கிழமை வரைக்கும் இப்படித்தான் இருக்கும் போல.”

“பல்லுக்குக் கிழமையெல்லாம் தெரியுமா? எந்தப் பக்கம்?”

அவர் இடது கன்னத்தைப் பொத்திக் காட்டினார்.

“மேலயா, கீழயா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

“நடுவுல நாக்குதான இருக்கு? சரி, இந்தாங்க, வலி மாத்திரை. எனக்கு ஒண்ணுதான் புரியல. மாத்திரை போறது வயித்துக்கு, வலி பல்லுல. அதுக்கு எப்படிங்க வழி தெரியும்?”

மருந்தைப் பற்றி ஒருவர் கேட்டு, அரை டாக்டர் பதில் சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“வழியெல்லாம் தெரியாது. ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தும். பல்லு வீங்குன இடத்துல ஒரு ரசாயனம் ஊறும் பாரு, அதுதான் நரம்பை உசுப்பிவிடுறது. இபுப்ரோஃபென் அந்த ரசாயனத்தை ஊறவிடாது. வீக்கமும் வத்தும், வலியும் அடங்கும். பாராசிட்டமால் வேற ரகம். வலியைக் குறைக்கும், வீக்கத்தைக் கண்டுக்காது. ஆனா ஒண்ணு, வெறும் வயித்துல மட்டும்...”

“பேச முடியலைன்னீங்க?”

“ஸ்ஸ்... ஆ...” கை மறுபடியும் கன்னத்துக்குப் பறந்தது.

“இப்ப வலது கன்னத்தைப் பிடிச்சிருக்கீங்க.”

“வலி நகருது.”

அம்மணி தண்ணீர் டம்ளரை நீட்டினார். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து விசாரணை தொடர்ந்தது.

“இந்நேரம் வலி அடங்கியிருக்கணுமே? தம்பிக்குப் போன் போடட்டுமா?”

“ஐயோ, அடங்கல, அடங்கல!”

“அப்ப கிருமிதான். ஆன்டிபயாடிக் வாங்கிட்டு வரேன்.”

“அதெல்லாம் இஷ்டத்துக்குத் தின்னக் கூடாது. ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் கொல்லும், வலியைக் கொல்லாது. அது தேவையா இல்லையான்னு பார்த்துத்தான் சொல்லணும்.”

“யார் பார்த்துச் சொல்லணும்?”

“பல் டாக்டர்.”

“கிளம்புங்க.”

தப்பிக்கக் கடைசி முயற்சியாக, “கிராம்புத் தைலம் வச்சாலே போதும்மா” என்றார். அம்மணி பஞ்சில் தாராளமாக ஊற்றி ஈறோடு வைத்து அழுத்தினார். கிராம்புத் தைலம் ஈறை மரக்க வைக்கும் என்பது அரை டாக்டர் படித்ததுதான். அளவு மிஞ்சினால் சுட்டுப் பொசுக்கிவிடும் என்பதை அன்றைக்கு அனுபவித்துத் தெரிந்துகொண்டார். ஓட்டமும் நடையுமாக அவரே பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தார்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். சிறிய கண்ணாடியை வாய்க்குள் விட்டு இண்டு இடுக்கெல்லாம் பார்த்தார்.

“இடது பக்கம் சுத்தமா இருக்கு. ஆனா வலது பக்கம் கீழ்க் கடைவாய்ல எவ்வளவு பெரிய சொத்தை! இது இவ்வளவு நாள் வலிச்சிருக்கணுமே?”

“வலி நகருதாம் டாக்டர்” என்றார் அம்மணி.

பொய்யாகப் பிடித்த வலிக்கு நிஜமாகவே சொத்தை கிடைத்துவிட்டது. பரம்பரையில் அவருக்குச் சொத்துதான் வாய்க்கவில்லை, வாயில் இதாவது இருந்ததே. சொத்தையை அடைக்கும் முன் வாயை மரக்க வைக்க டாக்டர் ஊசியை எடுத்தார். பயத்தில் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். அரை டாக்டருக்குப் பெருகும்.

“லிக்னோகைன்தானே டாக்டர்? அட்ரினலின் கலந்தது?”

“அட, தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!”

அவ்வளவுதான். பாராட்டு தலைக்கேறி, மனைவி பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கோ. இந்த மருந்து வலியை நிறுத்துதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தப்பு. வலி இருக்குற இடத்துலயேதான் இருக்கும். நரம்பு வழியா சேதி மூளைக்குப் போகாம தடுத்துடும், அதான் சூட்சுமம். கூட இருக்குற அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிடிச்சுக்கும், மருந்து சீக்கிரம் கரைஞ்சு ஓடிடாம.”

“சேதிதான் போகாதா!” அம்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “எவ்வளவு நேரத்துக்கு டாக்டர்?”

“ரெண்டு மூணு மணி நேரம். உதடு, நாக்கெல்லாம் மரத்துப் போகும், பேச்சு குழறும். பயப்படாதீங்க.”

“எனக்கென்ன பயம்?” என்றார் அம்மணி.

ஊசி ஏறியது. மருந்து பிடிக்கட்டும் என்று டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அரை டாக்டரின் கீழுதட்டைக் காணவில்லை. நாக்கில் பாதி ஊரிலேயே இல்லை. மரத்துப்போன வாயால் மறுத்துப் பேச முடியாது என்பது அவருக்கு உறைத்தபோது, அம்மணி ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தார்.

“தம்பி, மாமாகிட்டயே கேட்டுக்கோடா.”

“மாமா, நான் வந்து தங்கிக்கலாமா? உங்க வாயால சொல்லுங்க.”

அரை டாக்டருக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்தது. இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள்ளேயே கிடந்த அந்தச் சொல்லைத் திரட்டி, ‘வேண்டாம்!’ என்று கத்தினார். ‘வே’ சொல்ல உதடு ஒத்துழைக்கவில்லை. ‘ண்டா’ சொல்ல நாக்கு மேலே எழும்பவில்லை. மிச்சம் இருந்தது மட்டும் வெளியே வந்தது.

“...ஆஆம்!”

“ஆமாங்கிறார்டா.”

“பின்னறையையே குடுத்துடுவீங்களா மாமா?”

“ஆஆம்! ஆஆம்!”

“ரெண்டு தடவை சொல்றார் பாரு. அவ்வளவு பாசம் உன் மேல.”

“ட்ரம்பெட் வாசிச்சா தொந்தரவா இருக்காதே?”

“ஆஆஆம்!”

“தொந்தரவா இருக்குமாமா அக்கா?”

“சேச்சே. நல்லா வாசிங்கிறார்.”

“அக்கா, மாமா அழறாரா?”

“சந்தோஷம்டா. வை போனை.”

அரை டாக்டர் இடமும் வலமுமாகத் தலையைப் பலமாக ஆட்டினார். போனுக்குக் கண் கிடையாது. கண் இருந்தவர், “ஊசி போட்டிருக்கு, ஆடாதீங்க” என்றார்.

அடைத்த பல்லோடு வீட்டுக்கு வந்து படுத்தார். சாயங்காலம் உதடு திரும்பி வந்தது. நாக்கு திரும்பி வந்தது. எழுந்து ஆராய்ச்சி அறைக்குப் போனால், அங்கே நாற்காலி இல்லை. கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், அம்மணி அதற்கு இடம் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்! வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!” எழுத்துச் சுத்தமாக வந்தது.

“தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுமா ஆமாம்னு சொன்னே?”

“நீங்கதானே பாடம் எடுத்தீங்க?” அம்மணி தலையணையைத் தட்டி நாற்காலியில் வைத்தார். “உங்க ‘வேண்டாம்’ இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு. சேதிதான் தம்பிக்குப் போகல.”