சோபா நடுவுல குழி

சோபாக்காரரின் வெப்சைட்டில் 'சோபா ரிப்பேர்' என்ற சொல் எண்பத்து நான்கு முறை வந்தது. தேடுகிறவர்கள் கண்ணில் படவேண்டுமென்றால் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும் என்று யாரோ அவருக்கு ஓதியிருந்தார்கள்.

"படிக்கிற எனக்கே மூச்சு வாங்குது. யாரு கூப்பிடுவா?" என்றாள் மனைவி.

அதுதானே கவலை! வெப்சைட் தொடங்கி மூன்று மாதமாகியும் ஓர் அழைப்புகூட இல்லை. மாதக் கடைசிக்குள் வேலை வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு மச்சானின் கிடங்கில் சேருவதாக வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணனான அந்த மச்சான், "என்ன மாப்ளே, எப்ப வர்றீங்க?" என்று இப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தார். தினம் எட்டு மணி நேரம் அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குப் பட்டினி கிடக்கலாம்.

சோபாக்காரர் எண்பத்து நான்கை நூற்றிருபதாக்கினார். தேடல் முடிவில் மூன்றாம் பக்கத்தில் இருந்தவர் பதினோராம் பக்கத்துக்குப் போனார்.

"அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுதான்," என்றாள் மனைவி.

"சரி, நீயா இருந்தா என்ன போட்டுத் தேடுவே?"

"'சோபா நடுவுல குழி'ம்பேன். 'பூனை கிழிச்ச சோபா'ம்பேன். நீங்க போட்டிருக்கிற மாதிரி 'தலைசிறந்த நிபுணர்'னு எவன் தேடுவான்? நம்ம வீட்ல என்ன குறையோ, அதைத்தானே தேடுவோம்?"

நியாயமாகப் பட்டது. நூற்றிருபதையும் அழித்தார். 'நடுவில் குழி விழுந்த சோபாவா?' என்று தலைப்பில் ஒரு முறை, விளக்கத்தில் ஒரு முறை. பூனைக்குத் தனிப் பத்தி. இரண்டே வாரத்தில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார். தினமும் முந்நூறு பேர் பார்த்தார்கள்.

அழைப்பு மட்டும் இல்லை. முன்பாவது யாரும் பார்க்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது முந்நூறு பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். அவருக்கு அழுகையே வந்தது.

ஒருவேளை தன் படம்தான் காரணமோ என்று அதை எடுத்துவிட்டார்.

"மூஞ்சிய எடுத்ததும் நூறு பேர் கூடியிருக்காங்க," என்றாள் மனைவி.

போன் கெட்டுவிட்டதோ என்று அவள் போனிலிருந்து தனக்கு அடிக்கச் சொன்னார். கணீரென்று ஒலித்தது.

இதற்கிடையில் இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒரு சோபா ரிப்பேர் கடை முளைத்திருந்தது. அங்கே வாசல் வரை சோபாக்கள். மாதக் கடைசி நாளன்று, மச்சானிடம் போவதற்கு இந்தக் கடைக்காரர் காலில் விழலாம் என்று அங்கே போய் நின்றார்.

"பன்னெண்டு வருஷ அனுபவம் சார். ஏதாவது வேலை இருக்குமா?" என்று தன் வெப்சைட்டைப் போனில் திறந்து நீட்டினார்.

கடைக்காரர் அதைப் பார்த்ததும் எழுந்து வந்து இவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்கதானா அது! நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்தவன், ஜென்மத்துல யாரும் தானா கூப்பிட்டதில்ல. நீங்க உங்க போன் நம்பர்ல ஒரு எண்ணை மாத்திப் போட்டதுல அத்தனை போனும் எனக்கு வந்துச்சு. 'ராங் நம்பர்'னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுதான் கடையே திறந்தேன். நாளைக்கே வேலைக்கு வாங்க, ஆனா அந்த வெப்சைட்ல மட்டும் எதையும் மாத்திடாதீங்க!"