மூன்றாவது கோடு யாருடையது?

அன்பு மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கு நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். என்னைப் பற்றி 'நலம்' என்று எழுதியது ஒரு மரியாதைக்கு, மீதியைப் படி.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீ கொடுத்தாயே எடை மெஷின், அதைப் பற்றித்தான். ஊரில் அவனவன் மச்சான் சட்டை கொடுப்பான், வாட்ச் கொடுப்பான். நீ என் தொப்பைக்கு ஒரு கணக்குப்பிள்ளையை வைத்தாய். போகட்டும். தினமும் ஏறி நின்றால் ஆளை அதுவே அடையாளம் கண்டு, செல்போனில் ஆளுக்கொரு கோடு இழுக்கும் என்றாய். இழுத்தது. உன் அக்காவுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். கொஞ்ச நாளில், யாரும் கேட்காமலே, அடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பியது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்பது உனக்குத் தெரியும். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் என் கோடு இறங்கிக்கொண்டிருந்தது; அலுவலகத்தில் கைகுலுக்கினார்கள், டாக்டர் இப்படியே போகச் சொன்னார். நான் ஒரு வாய்கூடக் குறைத்துச் சாப்பிடவில்லை என்பதை அவரிடம் மறைத்தேன். ஓசியில் வருகிற பாராட்டை யார் விடுவார்கள்?

உன் அக்கா கணக்கு டீச்சர் என்பதை மறந்து அவளிடம் காட்டியதுதான் வினை. படத்தில் எடையை எண்ணாகப் போடுவதில்லை. இருபது, நாற்பது, அறுபது, எண்பது என்று குறுக்குக் கோடுகள் மட்டும். நடுவில் இருப்பதை நாமே மதிப்பிட வேண்டும். நீலம் அறுபது என்று சொல்லிவைத்தேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அறுபதைத் தொடலைங்க. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல அஞ்சு பங்கு போடுங்க, அதுல நாலு பங்கு. ஐம்பத்தாறு" என்றாள். பச்சையையும் அப்படியே படித்தாள்: இருபத்தெட்டு. முந்தின மாதம் நீலம் அறுபத்து மூன்று, பச்சை இருபத்தொன்று. எந்த மாதத்தில் இரண்டையும் கூட்டினாலும் எண்பத்து நாலு. மெஷின் வந்த அன்று என் எடை அது, மச்சான்.

பிறகு படத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து இரண்டு கோட்டையும் நீட்டினாள். இன்னும் இரண்டு மாதத்தில் சந்திக்கும் என்று காட்டியது. அப்புறம் என்ன என்று கேட்டேன்.

"அப்புறம் அது மேல போகும், நீங்க கீழ போவீங்க" என்றாள், வகுப்பில் சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது. சட்டென்று என் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் என்ன இருந்ததோ, உடனே விட்டுவிட்டாள்.

பேட்டரியைக் கழற்றிப் போட்டோம். இரண்டு கோடும் நிற்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், மெஷினில் பழுதே இல்லை, யாரோ தினமும் ஏறுகிறார்கள் என்கிறார். சோபாவில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்குவதில்லை. அலுவலகத்தில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு எனக்குத் திறப்பதில்லை. பின்னால் வருபவருக்காகக் காத்து நிற்கிறேன். இத்தனை வருஷம் மேலதிகாரி மட்டும்தான் என்னைக் கண்டுகொள்ளாமல் இருந்தார். சரி, சனியனைத் தெருவில் வைத்துவிடலாம் என்று நேற்று தூக்கிப் பார்த்தேன். இரண்டு கிலோ மெஷின், மேலே யாரோ நிற்பதுபோல் கனத்தது. முப்பது கிலோ இருக்கும். இப்போது எனக்கு மதிப்பீடு நன்றாக வருகிறது.

ஆகவே கொடுத்த கையாலேயே எடுத்துப் போக, இந்த வாரமே வா. கோடுகள் சந்திப்பதற்குள் வா. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்; ஆசிக்கு எடை கிடையாது என்பதால் தாராளமாகவே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
இன்றைய தேதிக்கு உன் அத்தான்

பின்குறிப்பு: இக்கடிதம் சில நாட்களாக மேசைமேல் கிடந்தது. மேலே கண்டவை யாவும் விளையாட்டுக்கு எழுதப்பட்டவை. தாங்கள் வர வேண்டியதில்லை. ஸ்கேல் நேராகத்தான் நீட்டும், கோடு வளைந்துவிட்டது. இன்று காலை பச்சை எண்பத்து நாலில் நிற்கிறது. நீலம் அடிக்கோட்டோடு படிந்துவிட்டதால் படிக்க இயலவில்லை. தங்கள் தமக்கையார் நலம். காலையில் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, உடம்பு தேறிவிட்டதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டார். எனக்கு நல்ல பசி.