ரிப்பேர் செய்யாத கதவு

எனக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அக்கா கல்யாணத்தோடு அது முடிந்தது.

அப்போது எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாக் கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. (வாங்கியபோது உண்டு. பிறகு அதற்கு மனசு வந்தால்தான்.) மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாம் என்றார் அப்பா. நம்ம வேன் இருக்கும்போது எதற்கு என்று குதித்தவன் நான். தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்பிலாவது காட்டச் சொன்னார். அதற்கும் நானே போதும் என்றேன்.

ஃப்யூஸை மாற்றினேன், பலனில்லை. டிரைவர் கதவின் கீல் பக்கம் இருந்த ரப்பர் குழாயைப் பிரித்தால் உள்ளே ஒயர்கள் அறுந்து கிடந்தன. கலர் பார்த்து முறுக்கி டேப் சுற்றினேன். (அழுக்கில் எல்லாம் ஒரே கலராகியிருந்தது.) பின்கதவு மட்டும் மசியவில்லை. அதன் ஒயரை வெட்டிவிட்டு, கதவை வெளியிலிருந்து கயிற்றால் கட்டினேன். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டே பட்டனைத் தட்டிப் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. மூடினால் ஒயர் நசுங்குமே என்று தோன்றவே இல்லை.

கோயில் வரை டேப் தாங்கியது. அங்கே மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஏறினார்கள். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து என் பக்கக் கதவை அடித்துச் சாத்தியதும் 'டக்' என்று எல்லாம் பூட்டிக்கொண்டது. பெருமையாக இருந்தது.

கருவடிக்குப்பம் மண்டப வாசலில் பேண்டு வாத்தியம், ஆரத்தி, மாலையோடு அப்பா. பெண்ணின் தம்பி கதவைத் திறந்து, மாலை போட்டு, கைப்பிடித்து இறக்க வேண்டும். அந்தத் தம்பி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டிருந்தான். லாக்கைத் தூக்கினேன், டக். மறுபடி தூக்கினேன், டக். கண்ணாடி இறக்கும் பட்டன் எப்போதோ செத்துவிட்டது. இதை அந்த அம்மா அபசகுனம் என்று எடுத்துக்கொண்டால் அக்கா காலத்துக்கும் பேச்சு கேட்கவேண்டுமே என்று மூன்றாவது முறையும் தூக்கினேன், டக்.

"தம்பி, கதவத் தொறக்கிறியா, இல்ல முகூர்த்தத்த உள்ளயே வச்சிக்கலாமா?" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளை மட்டும் நிதானமாகக் கேட்டார். "பின்கதவு என்ன ஆச்சி மச்சான்?"

"அத மட்டும் ரிப்பேர் பண்ணல மாமா."

"அப்ப அது தொறக்கும்."

கண்ணாடி வழியாக நான் காட்டிய சைகை புரிந்து, அப்பா போய்க் கயிற்றை அவிழ்த்தார். வரவேற்க வேண்டியவன் என்பதால் சீட்டைத் தாண்டி முதலில் குதித்தேன். அவசரத்தில் சித்தி எனக்கே ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார். அடுத்து கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை தவழ்ந்து வந்தார். "எப்பிடி வேணா எறங்கு, வலது கால் முதல்ல" என்று உள்ளிருந்து அவர் அம்மா சொன்னார். பிறகு பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு அவரும் இறங்கினார், சிரித்துக்கொண்டே. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆனால் விஷயம் மணமகள் அறைக்குப் போய்ச் சேர்ந்து, அக்கா என்னோடு மறுவீடு வரை பேசவில்லை.

சில வருஷம் கழித்து என் கல்யாணம். வண்டியை நானே பேசுகிறேன் என்று மாமா பிடிவாதமாக ஒரு வேன் கொண்டுவந்தார். மண்டபத்தில் என் மைத்துனன் ஒழுங்காகக் கதவைத் திறந்து கை நீட்டினான். நானும் கம்பீரமாக வெளியே பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. மொத்தக் கூட்டமும் வேனுக்குப் பின்னால் நின்றது. முன்னால் அக்கா, ஆரத்தித் தட்டோடு.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டைத் தாண்டினேன். வலது கால் முதலில்.