எழுநூறு வருசத்து நெசவு

முப்பத்தேழாவது முடிச்சைப் போடும்போதுதான் காவலாளி ஸெய்னுதீன் பின்னால் வந்து நின்றார். கௌசிகாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

துறைமுகத்தடி நூதனசாலையில் படம் எடுக்கக் கூடாது. பேனை, கொப்பியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடை வைத்து நெய்து விற்கிற நெசவுக்காரிக்கா வழி தெரியாது? கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கோலத்தை இழை இழையாக எண்ணி, தன் சால்வைக் குஞ்சத்தில் முடிச்சுகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் ஒரு மண்சாடி. 'மூழ்கிய கப்பலில் கிடைத்தது, எழுநூறு ஆண்டுப் பழமை' என்று அட்டை சொன்னது. கௌசிகா சாடியைக் கவனிக்கவேயில்லை. அதன் கீழே கிடந்த, வெயிலில் வெளிறிய துணிதான் அவளைப் பைத்தியமாக்கியது. அலை அலையாய் ஓடும் கரை, மூலைக்கு மூலை ஒரு இழை பிசகி நொண்டியது. அவளுடைய கையும் அப்படித்தான் பிசகும். எழுநூறு வருசத்துக்கு முன்னால் தனக்கொரு சகோதரி இருந்திருக்கிறாள் என்று நினைக்கவே சந்தோசத்தில் கண் கலங்கியது.

போன வருசம் கொழும்புக் கண்காட்சிக்காரர்கள் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று அவள் சேலையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கோலம் தறியில் ஏறட்டும், இந்த முறை யார் திருப்புகிறார்கள் என்று பார்க்கலாம்.

"என்ன தங்கச்சி, முடிச்சுப் போடுறீங்க?" என்றார் ஸெய்னுதீன்.

உண்மையைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். "நேர்த்திக்கடன்," என்றாள்.

வந்தது வினை. பக்கத்தில் நின்ற, திரியாய் ஊர்ப் பெண் ஒருத்தி உடனே முகம் துடைக்கும் லேஞ்சியின் ஓரத்தைக் கிழித்து, கோயில் மரத்தில் கட்டுவதுபோலப் பெட்டியின் காலில் கட்டினாள். மகனுக்கு விசா வரவேண்டுமாம். மறுநாள் காலை வரிசை வீதிவரை நீண்டது, இந்த ஊர் வீதிகளில் மாடுபோல மேயும் மான்கூட ஒதுங்கி நின்றது. அப்படி நேர்த்தியொன்றும் இல்லை என்று கௌசிகா கெஞ்சிப் பார்த்தாள். தனக்குப் பலித்ததை மற்றவர்களுக்கு மறைக்கிறாள் என்று கூட்டம் இரட்டித்தது. அவளை வரிசையின் கடைசிக்கும் அனுப்பிவிட்டார்கள்.

மேலதிகாரி வந்து எல்லாரையும் விரட்டினார். பெட்டியைத் திறந்து சாடியைக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இடமாற்றம் கிடைக்க எத்தனை முடிச்சு என்று கௌசிகாவைக் கேட்டார்.

அவள் கண் துணியிலேயே இருந்தது. பாதிக் கோலம் இன்னும் எண்ணப்படவில்லை. "அந்தத் துணியை மட்டும் விட்டிட்டுப் போங்கோ ஐயா," என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த கனகம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். துணியை உருவி, உதறி, கௌசிகாவின் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்கோ பிள்ளை. சாடி ஆடுதெண்டு நான்தான் வைச்சனான். உங்கட கடையில, பழுதெண்டு கழிச்சுப் போட்ட குவியலுக்கை எடுத்தது."